முதிதா என்றால் என்ன, அதை எப்படி வளர்ப்பது?
அடுத்த வீட்டில் நல்லது நடந்தால் வயிறு எரிகிறதே, பௌத்தம் சொல்லும் முதிதா இதற்கு உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உதவும். பிறர் மகிழ்ச்சி கண்டு மகிழ்வதுதான் முதிதா; மெத்தா (அன்பு), கருணா (இரக்கம்), உபேக்கா (சமநிலை) ஆகியவற்றோடு சேர்ந்து, பிரம்ம விகாரங்கள் எனப்படும் நான்கு உயர்ந்த மனநிலைகளில் ஒன்று.

இலங்கையில் எங்கள் ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டத்தில், பக்கத்துக் காம்பரா வீட்டுப் பிள்ளை பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானபோது, கொழுந்துக் கறை படிந்த விரல்களால் அவள் அம்மா லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) முழுக்கக் கற்கண்டு கொடுத்தார். என் மகன் அதே பரீட்சையில் தவறியிருந்தான். கை தயங்கியது. அந்த அம்மாவின் மலர்ந்த முகத்தை நிமிர்ந்து பார்த்ததும்தான் வாங்க முடிந்தது.

முதிதாவை எடுத்த எடுப்பில் போட்டியாளரிடம் முயலாதீர்கள். முதலில் சிரித்துவிட்டு அப்புறம் பேசுகிற உயிர் நண்பரிலிருந்து தொடங்கச் சொல்கிறது விசுத்திமக்கம் என்னும் பழைய பௌத்தத் தியான நூல். பிறகு சாதாரணமாகத் தெரிந்தவர். பிடிக்காதவர் கடைசியில்தான்.