சும்மா தயாராக நிற்கும் பேட்டரிக்கு மின்சந்தையில் எதற்குப் பணம்?

யூனிட் கணக்கில் மின்சாரம் விற்கும் சந்தையில், விற்காமல் தயாராக நிற்பவருக்கும் பணம் ஏன், அதை எப்படி நிர்ணயிக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆஸ்திரேலியாவின் தேசிய மின்சந்தையை வைத்துச் சொல்கிறேன். இந்த விஷயத்தில் அங்கே நல்ல பாடமும் இருக்கிறது, கசப்பான பாடமும் இருக்கிறது.

அங்கே மின்சாரத்தோடு சேர்த்து, தேவையும் உற்பத்தியும் பிசகினால் மாறிவிடும் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணைக் காக்கும் பத்துச் சேவைகளுக்கும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விலை முடிவாகிறது. இரண்டு, கட்டுப்பாட்டு மையத்தின் சிக்னலைப் பார்த்து உற்பத்தியை ஏற்றி இறக்க. மற்ற எட்டு, பெரிய நிலையமோ லைனோ திடீரென டிரிப் ஆனால் 1 விநாடி, 6 விநாடி, 60 விநாடி, 5 நிமிடம் என்ற கெடுவுக்குள் கைகொடுக்க. 1 விநாடிச் சேவை 2023 அக்டோபரில்தான் வந்தது.

விலைக் கணக்கு இப்படி: ஒரு நிலையத்துக்கு உற்பத்திச் செலவு மெகாவாட்-மணிக்கு 60 டாலர், சந்தை விலை 100 டாலர் என்று வையுங்கள். 20 மெகாவாட்டை விற்காமல் கையிருப்பாக வைத்தால் மெகாவாட்டுக்கு மணிக்கு 40 டாலர் லாபம் போகிறது. மின்சாரம், கையிருப்பு இரண்டுக்கும் ஒரே கணக்கில் விலை போடுவதால் அந்த 40 டாலர் சேவை விலையிலேயே திரும்பி வந்துவிடும். தனித்தனி ஏலம் வைத்தால் ஒவ்வொருவரும் நாளைய விலையை ஊகித்துக் கேட்பார்கள். அந்த ஊகத்தின் செலவு நுகர்வோர் தலையில்தான் விழும்.

இனி, சறுக்கிய இடம். டிரிப் ஆனால் கைகொடுக்கும் அந்த எட்டுச் சேவைகளுக்கு, அதிர்வெண் 49.85 முதல் 50.15 ஹெர்ட்ஸ் வரையிலான பட்டைக்கு வெளியே போனால்தான் வேலை. பட்டைக்குள், அதிர்வெண்ணைப் பார்த்து உற்பத்தியைத் தானாக ஏற்றி இறக்கும் கருவியான கவர்னர் உதவினால் தனிப் பணம் கிடையாது. இயந்திரத் தேய்மானம் உண்டு, கொடுத்த இலக்கிலிருந்து விலகியதற்காகக் கட்டணம் ஏறும் அபாயமும் உண்டு. எனவே பல நிலையங்கள் கவர்னரின் டெட்பேண்டை, அதாவது அது அசையாமல் சும்மா இருக்கும் அதிர்வெண் வரம்பை, அகலப்படுத்திவிட்டன. அதிர்வெண் பட்டைக்குள்ளேயே தள்ளாட ஆரம்பித்தது. 2020-இல் ±0.015 ஹெர்ட்ஸ் டெட்பேண்டைக் கட்டாயமாக்கித்தான் அதைப் பிடித்து நிறுத்தினார்கள். இலவச வேலையாக இருந்த இதற்கும் 2025 ஜூனிலிருந்து கணக்கு வந்தது: அதிர்வெண்ணுக்கு உதவியவருக்குப் பணம், கெடுத்தவரிடம் வசூல். இதை முதல் நாளிலேயே செய்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எல்லாவற்றுக்கும் ஏலம் சரிப்படாது. அதிர்வெண் இணைந்த கட்டமைப்பு முழுவதுக்கும் ஒன்றே. சேவையை எங்கிருந்தும் வாங்கலாம். ஆனால் மற்ற மாநிலங்களோடு இணைக்கும் லைன் அறுபடும் அபாயம் இருந்த நேரங்களில், சிக்னலைப் பார்த்து ஏற்றி இறக்கும் சேவையில் 35 மெகாவாட்டைத் தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டியிருந்தது. விற்பவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே என்பதால் விலை ஆயிரக்கணக்கான டாலருக்குப் பறந்தது. 2017 இறுதியில் அந்த மாநிலத்தின் பெரிய பேட்டரி நிலையமான ஹார்ன்ஸ்டேல் போட்டிக்கு வந்த பிறகே அது அடங்கியது.

நிலைமமும் (சுழலும் கனமான இயந்திரங்கள் அதிர்வெண் சரிவை மெதுவாக்குவது) ஷார்ட் சர்க்யூட் பலமும் (பழுது நேரத்தில் மின்னழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் திறன்) இதைவிட உள்ளூர்ச் சரக்கு. 2016 செப்டம்பர் 28 புயலில் அந்த மாநிலம் மற்ற மாநிலங்களிலிருந்து துண்டிக்கப்பட்டபோது அதிர்வெண் விநாடிக்குச் சுமார் 6 ஹெர்ட்ஸ் வேகத்தில் சரிந்தது. சுமையைத் தானாக வெட்டும் ரிலேக்களுக்கு நேரமே கிடைக்கவில்லை; மாநிலம் முழுதும் இருண்டது. இந்தச் சேவைகளை ஒழுங்குமுறை ஆணையத்தின் மேற்பார்வையில், நீண்டகால முதலீடாக வாங்குவதே சரி. 2021-இல் அந்த மாநிலத்தின் டேவன்போர்ட்டில் இரண்டும் ராபர்ட்ஸ்டவுனில் இரண்டுமாக, ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரம் பூட்டிய சிங்க்ரோனஸ் கண்டென்சர்களை நிறுவினார்கள்; இவை மின்சாரம் உற்பத்தி செய்யாமல் சுழன்றே இந்த இரண்டையும் தரும் இயந்திரங்கள். பலத்துக்காக மட்டுமே ஓடிக்கொண்டிருந்த எரிவாயு ஜெனரேட்டர்களின் குறைந்தபட்ச எண்ணிக்கை அதன்பின் நான்கிலிருந்து இரண்டாகக் குறைந்தது.