கடன் வாங்கி மருத்துவம் வேண்டாம், அவள் கெமிஸ்ட்ரியே படிக்கட்டும்

வணக்கம் அம்மா. மகளுக்கு மருத்துவத்துக்குப் போதிய மதிப்பெண் வரவில்லை, கடன் வாங்கியாவது ஒரு இடம் பிடித்துவிடுங்கள் என்று அவளுடைய பெரியப்பா நெருக்குகிறார், அவளோ வாயே திறப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கவலை நியாயமானதுதான். ஆனால் நான் ஆறுதல் சொல்லிக்கொண்டே இருந்தால் பணம் கட்டும் தேதி வந்துவிடும். அதனால் நேராகச் சொல்கிறேன்: அந்தக் கடனை வாங்காதீர்கள். யோசனை சொல்வது பெரியப்பா, தவணை கட்டப்போவது நீங்கள்.

கடிதத்தின் நடுவே ஒரு வரியைக் குறை சொல்வதுபோல எழுதியிருக்கிறீர்கள். பள்ளி லேபில் டைட்ரேஷனில், அதாவது ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளக்கும் சோதனையில், ஒரு சொட்டு கூடிவிட்டால், யாரும் சொல்லாமலே மறுபடி முதலிலிருந்து செய்கிறாள், வீட்டுக்கு வர நேரமாகிறது என்று. எனக்கு அதுதான் கடிதத்திலேயே முக்கியமான வரி. இந்தக் குணத்துக்கென்றே ஒரு வேலை இருக்கிறது: கடலில் கொட்டிய எண்ணெய் யாருடையது என்று கண்டுபிடிப்பது. கெமிஸ்ட்ரி படித்தால் ஆசிரியர், மருந்து கம்பெனி வேலை எல்லாம் உண்டு என்பது உங்களுக்கே தெரியும், அவற்றை விடுகிறேன்.

கடலில் எண்ணெய் மிதக்கிறது. அந்த வழியாகப் பல கப்பல்கள் போயிருக்கின்றன, எல்லாரும் கைவிரிக்கிறார்கள். யாருடைய எண்ணெய் என்று சொல்ல வேண்டியவர் ஒரு வேதியியலாளர். கச்சா எண்ணெய் என்பது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த உயிர்களின் மிச்சம். பாக்டீரியாக்களின் செல்சவ்விலிருந்து வந்த ஹோப்பேன், பாசிகளிலிருந்து வந்த ஸ்டெரேன் போன்ற மூலக்கூறுகள் அதில் தங்கிவிடுகின்றன. ஓலியனேன் என்ற மூலக்கூறு கணிசமாக இருந்தால் பூக்கும் தாவரங்களின் பங்கும் உண்டு என்று பொருள். இவற்றின் விகிதம் எண்ணெய் வயலுக்கு வயல் மாறும்.

கடலில் விழுந்ததும் லேசான பகுதி ஆவியாகிவிடும். நேர்ச் சங்கிலி ஆல்கேன்கள் என்ற எளிய ஹைட்ரோகார்பன்களை நுண்ணுயிர்கள் முதலில் தின்றுவிடும். ஹோப்பேன் அவ்வளவு சீக்கிரம் அழியாது. அதனால்தான் மாதிரியை கேஸ் குரோமட்டோகிராஃபி என்ற முறையில் தனித்தனிச் சேர்மங்களாகப் பிரித்து, மூலக்கூறுத் துண்டுகளை எடை பார்க்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் 191 என்ற நிறை எண் கொண்ட அயனியைப் பின்தொடர்ந்து ஹோப்பேன்களையும், 217-ஐப் பின்தொடர்ந்து ஸ்டெரேன்களையும் பார்க்கிறார்கள். சந்தேகப்படும் கப்பலின் தொட்டியில் எடுத்த மாதிரியையும் அதே கருவியில் ஓட்டி விகிதங்களை ஒப்பிடுவார்கள். டீசல் போன்ற லேசான எண்ணெயில் ஹோப்பேன் அநேகமாக இருக்காது; அப்போது வேறு சேர்மங்களைத் தேட வேண்டும். சில சமயம் 'முடிவு சொல்ல இயலாது' என்றுதான் எழுத முடியும். அப்படி எழுதவும் துணிச்சல் வேண்டும், ஏனென்றால் அறிக்கை நீதிமன்றம் வரை போகும்.

1989-இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் தரைதட்டி எண்ணெய் கொட்டியது. பிறகு அந்தக் கரையில் பொறுக்கிய தார் உருண்டைகளைச் சோதித்தால், சிலவற்றின் எண்ணெய் அந்தக் கப்பலுடையதே அல்ல, கலிஃபோர்னியாவின் மான்டரே பாறை அடுக்கிலிருந்து வந்தது! 1964-இல் அலாஸ்காவில் நடந்த நிலநடுக்கத்தில் உடைந்த சேமிப்புத் தொட்டிகளில் இருந்த கலிஃபோர்னிய எண்ணெயாக இருக்கும் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். இருபத்தைந்து வருடப் பழைய எண்ணெயையும் புதியதையும் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது.

சரி, வேலை கிடைக்குமா? எண்ணெய்க் கசிவை மட்டுமே பார்க்கும் ஆய்வகங்கள் குறைவு, மறைக்கவில்லை. இளநிலைப் பட்டம் மட்டும் போதாது, முதுநிலையும் வேண்டும். ஆனால் இதே கருவியைக் கையாளத் தெரிந்தவருக்கு உணவுப் பரிசோதனை, குடிநீர், தடயவியல், விளையாட்டு வீரர்களின் ஊக்கமருந்துச் சோதனை என்று பல கதவுகள் உண்டு. இந்தப் படிப்புக்குக் கடன் வாங்க நேர்ந்தாலும் மருத்துவத்துக்குச் சொன்ன தொகை அளவுக்குப் போகவே கூடாது.

இதை அவளிடம் பெரியப்பா இல்லாத நேரத்தில் பேசுங்கள். பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், நான் சொன்னேன் என்று இதையும் திணிக்க வேண்டாம். பிடித்தால், கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காமல் ஒன்று கேளுங்கள்: மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரை மாணவர்களே இயக்குவார்களா, அல்லது கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பதோடு சரியா?