படகு, லாக், ஏரி: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: பக்கிங்காம் கால்வாய் சமதரையில்தானே ஓடுகிறது? மேடு ஏறாத கால்வாய்க்கு லாக் (படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி) எதற்குக் கட்டினார்கள்? இப்போது அதில் நண்பர்களோடு படகில் போகலாமா?
(வாசகர், வியாசர்பாடி)

பதில்: தரை சமம்தான், தண்ணீர் சமம் இல்லை. இந்தக் கால்வாய் கடற்கரையை ஒட்டியே போவதால் கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு என ஒவ்வோர் ஆற்றையும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் குறுக்கே கடக்க வேண்டியிருந்தது. நம் கடலில் நீர் ஏறி இறங்குவது 1 மீட்டர் அளவுதான். ஆனால் கால்வாயில் இருப்பதே இடுப்பளவு, மார்பளவுத் தண்ணீர். கடல் இறங்கும்போது அதுவும் கூடவே ஓடிவிட்டால் சுமைப்படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் ஆற்று வெள்ளம் உள்ளே புகுந்தாலோ மணல் கால்வாயைத் தூர்த்துவிடும். இரண்டையும் கதவு போட்டுத் தடுக்கத்தான் ஆற்றுக் கடவுகளில் லாக் வைத்தார்கள்.

1806 வாக்கில் பேசில் காக்ரேன் என்ற பிரிட்டிஷ் வணிகர் எண்ணூரை நோக்கி வெட்டிய கால்வாய் இது. 1877-78 பஞ்சத்தில் நிவாரண வேலையாகக் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே சுமார் 8 கிலோமீட்டர் வெட்டி இணைத்தார்கள். ஸ்ரீஹரிகோட்டாப் பக்கத்து விறகும் வடக்கேயிருந்து உப்பும் இந்த வழியாகத்தான் நகரத்துக்கு வந்தன.

இன்று நகருக்குள் அதில் இறங்காதீர்கள். கழிவுநீரும் அடிச்சேற்றைக் கிளறினால் எழும் அழுகல் வாயுவும் உடம்புக்குக் கேடு. படகு விட்ட கால்வாயை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது வடசென்னைக்குப் பெரிய இழப்பு.

கேள்வி: பிரிட்டனில் இருக்கும் நண்பர்களோடு 6 பேர் சேர்ந்து கால்வாய்ப் படகு வாடகைக்கு எடுக்கிறோம். லாக்கை நாமே இயக்க வேண்டுமாம். எப்படி? எதில் தவறு நேரும்?
(வாசகி, தண்டையார்பேட்டை)

பதில்: உங்களுக்குக் கிடைப்பது நேரோபோட் என்னும் ஒல்லிப் படகாக இருக்கும். அகலம் 2.1 மீட்டருக்குள், நீளம் 15 முதல் 20 மீட்டர். லாக் என்பது அந்தப் படகு நுழையும் அளவுக்குக் கல்லால் கட்டிய தொட்டி. இரு முனையிலும் கதவு. தண்ணீரை விடுவதற்குச் சின்ன மதகுகள். மதகைத் திறக்க வின்ட்லாஸ் என்னும் எல் வடிவ இரும்புக் கைப்பிடி தருவார்கள். குறைந்தது இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று தண்ணீரில் விழுவது சகஜம்.

மேலே ஏறுவதற்கு: தொட்டி காலியாக இருக்கும்போது கீழ்க்கதவு வழியாக உள்ளே போய், கதவையும் கீழ் மதகுகளையும் மூடுங்கள். மேல்முனையில் கரையோரமுள்ள தரை மதகை முதலில் பாதி மட்டும் திறங்கள். முழுதாகத் திறந்தால் பாயும் நீர் படகை முன்னும் பின்னும் இழுத்து மோதவைக்கும். கதவிலேயே உள்ள மதகை, அதன் வாய் தண்ணீருக்குள் மூழ்கிய பிறகுதான் தொட வேண்டும். முன்பே திறந்தால் அருவி மாதிரி முன்தளத்தில் கொட்டும். படகின் மூக்கு கதவுச் சட்டத்துக்கு அடியில் மாட்டாமல் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். இரு பக்கமும் மட்டம் சமமானதும் கதவு தானே இளகும். ஒரு சாண் வித்தியாசம் இருந்தால்கூட ஆறு பேர் முட்டினாலும் அசையாது. முட்டாதீர்கள், காத்திருங்கள். வெளியேறிய பிறகு மதகு, கதவு எல்லாவற்றையும் மூடிவிட்டுப் போக வேண்டும்.

கீழே இறங்குவதுதான் ஆபத்து. மேல்கதவுக்கு அடியில் தொட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கல்படி ஒன்று உண்டு. நீர் நிறைந்திருக்கும்போது கண்ணில் படாது. அது முடியும் இடத்தைப் பக்கச் சுவரில் வெள்ளைக்கோடு காட்டும். சுக்கான் உட்படப் படகின் பின்பகுதி முழுவதும் அந்தக் கோட்டுக்கு முன்னால் இருக்க வேண்டும். இல்லையென்றால் நீர் இறங்கும்போது பின்பகுதி படியில் உட்கார்ந்துவிடும், மூக்கு கீழே சாயும், படகின் முன்கதவு வழியாகத் தண்ணீர் புகுந்து சில நிமிடங்களில் படகு மூழ்கும். பின்பகுதி தட்டியது தெரிந்தவுடன் கீழ் மதகுகளை மூடுங்கள். அவை மூடிய பிறகு மேல் மதகை மெதுவாகத் திறந்து படகை மிதக்கவையுங்கள். இந்த வரிசையை மாற்றக் கூடாது.

கயிறு விஷயமும் அப்படியே. இறங்கும்போது முடிச்சுப் போட்டால் படகு கயிற்றில் தொங்கும். கரைக்குற்றியில் ஒரு சுற்று மட்டும் சுற்றி, கையால் விட்டுக்கொண்டே வர வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. மதகின் பற்சக்கரத்தைப் பிடிக்கும் கொக்கி விழுந்திருக்கிறதா என்று பார்த்த உடனேயே வின்ட்லாஸைக் கழற்றிவிடுங்கள். கொக்கி நழுவினால் அது சுழன்று கை எலும்பை முறிக்கும்.

சுக்கானுக்கு ஒருவர், கரையில் இருவர் போதும். மற்றவர்கள் இறங்கி நடக்கட்டும். சின்னப் பிள்ளைகள் லாக் விளிம்பில் வேண்டாம். நேரக்கணக்கு: நடை வேகத்தில், அதாவது மணிக்கு 5 கிலோமீட்டர் என்று வையுங்கள், லாக் ஒன்றுக்கு 15 முதல் 20 நிமிடம். 10 கிலோமீட்டரும் 8 லாக்கும் என்றால் நாலரை மணி நேரம். பர்மிங்ஹாமுக்குத் தெற்கே டார்டெபிக்கில் வரிசையாக 30 லாக். முதல் பயணத்தில் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்பேன்.

கேள்வி: லாக், ஏரி இரண்டும் சேர்ந்த பாதை வேண்டும். கலிடோனியன் கால்வாய் எப்படி?
(வாசகர், ராயபுரம்)

பதில்: நல்ல தேர்வு. ஸ்காட்லாந்தில் 1822-இல் திறந்தது. சுமார் 97 கிலோமீட்டரில் வெட்டிய பகுதி மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம்தான். மீதி லாக்னஸ் போன்ற ஏரிகள். 29 லாக், ஊழியர்களே இயக்குவார்கள். உங்கள் வேலை முன்கயிறும் பின்கயிறும் பிடிப்பது. போர்ட் அகஸ்டஸின் 5 லாக் அடுக்கில் கயிற்றைப் பிடித்துக் கரையில் நடந்தே படகைத் தொட்டி தொட்டியாக நகர்த்துவார்கள். லாக்னஸ் 200 மீட்டருக்கும் மேல் ஆழம், கோடையிலும் உடம்பை விறைக்கவைக்கும் குளிர். நீளவாக்கில் காற்று அடித்தால் அலை எழும். மிதவைச் சட்டை இல்லாமல் தளத்தில் நிற்காதீர்கள்.

கேள்வி: பழவேற்காட்டு ஏரியில் படகு தரைதட்டினால் என்ன செய்வது?
(வாசகர், எண்ணூர்)

பதில்: அது சராசரியாக 1 மீட்டர் ஆழம் மட்டுமே உள்ள ஏரி. தரைதட்டாமல் வருவது அரிது. தட்டியதும் எஞ்சினை முடுக்கக் கூடாது. விசிறி சேற்றைக் கிளற, குளிரூட்டும் நீர்க்குழாய் அதை உறிஞ்சி அடைத்துக்கொள்ளும், எஞ்சின் காய்ந்துபோகும். நிறுத்தி, எஞ்சினைத் தூக்கிவிட்டு, தட்டாத முனைக்கு ஆட்களை ஒவ்வொருவராக மாற்றுங்கள். பிறகு வந்த வழியே கோல் ஊன்றித் தள்ளுங்கள். நீர் ஏறுகிற நேரமானால் அரைமணி உட்கார்ந்திருந்தாலே படகு எழும்பும். இறங்குகிற நேரமானால் ஒரு நிமிடமும் வீணாக்காதீர்கள். வெறுங்காலோடு குதிக்க வேண்டாம்: மட்டிச் சிப்பி கிழிக்கும், கெளுத்தி முள்ளும் திருக்கை முள்ளும் குத்தும்.

கழி நட்டு வலை கட்டிய இடங்களைச் சுற்றிப் போங்கள். பாடு முறையில் இன்னாருக்கு இந்த இடம் என்று மீனவர்கள் முறைவைத்துத் தொழில் செய்யும் இடங்கள் அவை. வலை அறுந்தால் ஒரு வீட்டின் அன்றைய வருமானம் போகும்.

காலையில் போய், கடல்காற்று வலுக்கும் பிற்பகலுக்கு முன் திரும்பிவிடுங்கள். முகத்துவாரத்துக்குப் படகுக்காரர் கூட்டிப் போகிறேன் என்றாலும் மறுத்துவிடுங்கள். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். நீங்கள் போகும் நாளில் உலாப் படகுக்கு அனுமதி உண்டா என்று உள்ளூர்க் காவல் நிலையத்தில் முதலில் கேளுங்கள். அனுமதி இருந்தாலும், ஆளுக்கொரு மிதவைச் சட்டை எண்ணிக் கொடுக்காத படகில் ஏறாதீர்கள்.