டைட்டானிக்: மம்மி, சாவி, பூட்டிய கேட்

டைட்டானிக் மூழ்கி நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கேள்விகள் மட்டும் குறையவே இல்லை. இந்த முறை வந்தவற்றில் அடிக்கடி காதில் விழும் கதைகளைப் பற்றியவற்றை எடுத்துக்கொண்டேன். சரக்குக் கப்பல்களில் பல வருடம் ராத்திரி வாட்ச் நின்றவன் என்பதால், இந்தக் கப்பலைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் எனக்குச் சீக்கிரம் எழுந்திருக்க வராது.

கே: "கடவுளாலேயே மூழ்கடிக்க முடியாத கப்பல்" என்று கம்பெனி விளம்பரம் செய்தது உண்மையா?

கடவுளை இழுத்து ஒயிட் ஸ்டார் கம்பெனி விளம்பரம் எதுவும் போடவில்லை. 1911-இல் கப்பல் கட்டும் தொழிலுக்கான ஒரு பத்திரிகை, நீர்புகாக் கதவுகளைப் பற்றி எழுதும்போது "நடைமுறையில் மூழ்காத கப்பல்" என்ற பொருளில் எழுதியது. அப்படி எழுதக் காரணமும் இருந்தது. கப்பலின் அடிப்பகுதியை 16 அறைகளாகத் தடுத்திருந்தார்கள். முன்பக்கத்து நான்கு அறைகளில் தண்ணீர் நிறைந்தாலும் கப்பல் மிதக்கும். அதே வருடம் செப்டம்பரில் டைட்டானிக்கின் அக்கா கப்பலான ஒலிம்பிக் மீது ஹாக் என்ற போர்க்கப்பல் மோதியது. இரண்டு அறைகளில் தண்ணீர் புகுந்தும் ஒலிம்பிக் தன் பலத்திலேயே கரைக்குத் திரும்பியது. அதைப் பார்த்தவர்களுக்கு நம்பிக்கை வந்ததில் ஆச்சரியமே இல்லை. ஆனால் அந்த வாசகம் உலகம் முழுக்கப் பரவியது கப்பல் மூழ்கிய பிறகுதான்.

கே: பனிப்பாறை கப்பலின் பக்கவாட்டை 300 அடி நீளத்துக்குக் கிழித்துவிட்டது என்று பள்ளியில் படித்தேன். சரிதானா?

இல்லை. 1912-இல் நடந்த பிரிட்டிஷ் விசாரணையிலேயே இதற்குக் கணக்கு சொல்லிவிட்டார்கள். கப்பலைக் கட்டிய ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப் நிறுவனத்தின் பொறியாளர் எட்வர்ட் வைல்டிங், தண்ணீர் ஏறிய வேகத்தை வைத்து, மொத்தத் திறப்பு சுமார் 12 சதுர அடிதான் இருக்க முடியும் என்றார். நம் வீட்டு வாசல் கதவு ஏழுக்கு மூன்று என்றால் 21 சதுர அடி. அதில் பாதியைவிடக் கொஞ்சம் பெரிய ஓட்டை, அவ்வளவுதான். ஆனால் அது ஒரே இடத்தில் இல்லாமல் ஆறு அறைகளின் ஓரமாக மெல்லிய கீறல்களாகப் பரவியிருந்தது. 1996-இல் கடலடிச் சேற்றில் புதைந்திருக்கும் பகுதியை ஒலி அலை செலுத்திப் பார்த்தபோதும் தெரிந்தது ஆறு குறுகிய பிளவுகள்தான்.

உள்ளே இருந்தவர் சொன்னதையும் கேளுங்கள். ஃபிரெட் பாரட், கரி அள்ளிப் போடும் ஆட்களின் தலைவர். மோதிய நேரத்தில் ஆறாவது கொதிகலன் அறையில் ஒரு பொறியாளரோடு பேசிக்கொண்டு நின்றார். தரைத் தகட்டுக்கு இரண்டு அடி மேலே, கப்பலின் பக்கத்திலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தது. நீர்புகாக் கதவு இறங்கி மூடுவதற்குள் இரண்டு பேரும் பக்கத்து அறைக்குள் பாய்ந்தார்கள். அங்கேயும் தடுப்புச் சுவரைத் தாண்டி இரண்டு அடி தூரத்துக்குக் கீறல் போயிருந்தது.

கே: கரிக் கிடங்கில் பற்றிய தீதான் கப்பலைக் கொன்றது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன்.

தீ பிடித்தது நிஜம். இதற்கும் சாட்சி அதே பாரட்தான். கப்பல் பெல்ஃபாஸ்டை விட்டபோதே ஒரு கிடங்கில் கரி கனன்றுகொண்டிருந்தது. கரிக் கப்பல்களில் இது அடிக்கடி நடப்பது. ஆட்கள் கரியை வாரி வாரி உலைக்குப் போட்டு, மோதலுக்கு முந்தின நாளான சனிக்கிழமை கிடங்கைக் காலி செய்தார்கள். சூட்டில் தடுப்புச் சுவரின் அடிப்பாகம் நெளிந்திருந்தது என்றும் பாரட் சொன்னார். கடைசி நேரத்தில் அந்தச் சுவர் பக்கம் ஏதோ உடைந்து தண்ணீர் பெருகி வந்ததையும் பார்த்திருக்கிறார். ஆகவே தீக்கு ஒரு சின்னப் பங்கு இருந்திருக்கலாம். ஆனால் நான்கு அறை வரை தாங்கும் கப்பலில் ஐந்தாவது அறையும் நிறைந்த பிறகு தீ இருந்தாலும் இல்லாவிட்டாலும் முடிவு ஒன்றுதான்.

கே: கப்பலில் ஏற்றிய எகிப்திய மம்மியின் சாபம்தான் அதை மூழ்கடித்ததாமே?

கப்பலில் மம்மியே இல்லை. கதையில் வருவது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் வண்ணம் தீட்டிய, மம்மியின் மேல் வைக்கும் ஒரு மர மூடி. அது 1912-இல் மியூசியத்தை விட்டு நகரவே இல்லை. டைட்டானிக்கில் போய் இறந்த பத்திரிகையாளர் வில்லியம் ஸ்டெட் அந்தச் சாபக் கதையை ஆர்வமாகச் சொல்லக்கூடியவர். அவர் இறந்ததும் கதை அவரோடு சேர்ந்து கப்பலில் ஏறிக்கொண்டது.

கே: இன்சூரன்ஸ் பணத்துக்காக ஒலிம்பிக்கை டைட்டானிக் என்று பெயர் மாற்றி மூழ்கடித்தார்களாமே?

கப்பலின் விலை சுமார் 15 லட்சம் பவுண்டு. இன்சூரன்ஸ் 10 லட்சம். நஷ்டத்துக்கு யாரும் சதி செய்வதில்லை. டைட்டானிக்கின் கட்டுமான எண் 401, ஒலிம்பிக்கின் எண் 400. கடலடியில் கிடக்கும் கப்பலின் சுழல் விசிறியில் பொறித்திருப்பது 401.

கே: காவல் கூண்டில் பைனாகுலர் இல்லாததால்தான் பனிப்பாறையைப் பார்க்கவில்லை. ஒரு அதிகாரி பைனாகுலர் பெட்டியின் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். உண்மையா?

டேவிட் பிளேர் என்ற அதிகாரியைக் கடைசி நேரத்தில் கப்பலை விட்டு மாற்றினார்கள். அவர் கையோடு போன சாவியை 2007-இல் ஏலம் விட்டார்கள். இதுவரை சரி. பாறையை முதலில் கண்ட ஃபிரெடரிக் ஃப்ளீட்டும், பைனாகுலர் இருந்திருந்தால் கொஞ்சம் முன்னதாகப் பார்த்திருப்பேன் என்று அமெரிக்க விசாரணையில் சொன்னார்.

ஆனாலும் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ராத்திரி வாட்ச்சில் முதலில் தேடுவது வெறும் கண்தான். ஏதோ இருக்கிறது என்று பட்ட பிறகுதான் அது என்னவென்று பார்க்க பைனாகுலரை எடுப்போம். எடுத்தவுடனே அதை வைத்துத் தேடினால் ஒரு சின்ன வட்டத்துக்கு வெளியே இருப்பதெல்லாம் தப்பிவிடும். அன்று நிலா இல்லை. கடல் கண்ணாடி மாதிரி அசையாமல் கிடந்தது. பாறையின் அடியில் அலை மோதி வெள்ளை நுரை எழுந்தால் தூரத்திலேயே தெரியும், அதுவும் இல்லை. இத்தனைக்கும் நாள் முழுக்கப் பனி எச்சரிக்கைகள் வந்துகொண்டிருந்தன. கப்பல் ஏறக்குறைய 22 நாட் (மணிக்கு சுமார் 41 கிலோமீட்டர்) வேகத்தில் போனது. எனக்கு உறுத்துவது அந்த வேகம்தான்.

கே: எஸ்ஓஎஸ் என்ற ஆபத்துச் சைகையை முதன்முதலில் அனுப்பியது டைட்டானிக்தானே?

இல்லை. 1908-இலேயே அது நடைமுறைக்கு வந்துவிட்டது. 1909-இல் ஸ்லவோனியா என்ற கப்பல் அனுப்பியிருக்கிறது. டைட்டானிக் முதலில் சிக்யூடி என்ற பழைய சைகையைத்தான் அனுப்பியது, எஸ்ஓஎஸ் அப்புறம்தான்.

கே: மூன்றாம் வகுப்பு ஏழைகளைப் பூட்டி வைத்துச் சாகடித்தார்கள் என்பது சினிமாக் கதையா, நிஜமா?

இதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல மாட்டேன். சினிமாவில் வருவது போல் தரையிலிருந்து கூரை வரை பூட்டிய கம்பிக் கேட்டுகளின் பின்னால் கூட்டம் செத்தது என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் தடுப்புகள் இருந்தன. நோய் பரவும் என்று சொல்லி, மூன்றாம் வகுப்பைத் தனியாக வைக்க அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் கேட்டது. டேனியல் பக்லி என்ற ஐரிஷ் இளைஞர் அமெரிக்க விசாரணையில் சொன்னார்: மேலே ஏறிய ஒருவரை ஒரு மாலுமி படியில் கீழே தள்ளிவிட்டு ஒரு சின்ன கேட்டைப் பூட்டினார். விழுந்தவர் எழுந்து வந்து அந்தப் பூட்டை உடைத்தார்.

கேட்டைவிடப் பெரிய தடை வழி. உயிர்காக்கும் படகுகள் இருந்த மேல்தளம் முதல், இரண்டாம் வகுப்புக்காரர்களின் இடம். கப்பலின் அடியில் இருந்தவர்களுக்கு அங்கே போகும் பாதையே தெரியாது. பலருக்கு ஆங்கிலமும் தெரியாது. ஜான் ஹார்ட் என்ற பணியாளர் இரண்டு முறை கீழே போய், பெண்களையும் குழந்தைகளையும் கூட்டமாகச் சேர்த்து, நடைபாதைகள் வழியாக மேலே கூட்டி வந்தார். அந்த ராத்திரியில் நான் மிகவும் மதிக்கும் ஆள் அவர். எல்லாப் பகுதிக்கும் ஒரு ஹார்ட் கிடைக்கவில்லை.

விசாரணைக் கணக்குப்படி மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் 79 பேரில் பிழைத்தது 27 பேர். இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் 24 பேரும் பிழைத்தார்கள். இதை வைத்துக்கொண்டே, பாரபட்சம் இல்லை என்று பிரிட்டிஷ் விசாரணையை நடத்திய மெர்சி பிரபு தீர்ப்பு எழுதினார். அவர் முன்னால் மூன்றாம் வகுப்புப் பயணி ஒருவரைக்கூடச் சாட்சியாக அழைக்கவில்லை. இதை எழுதும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

படகுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கப்பலில் சுமார் 2,200 பேர். 20 படகுகளில் இடம் 1,178 பேருக்கு. சட்டத்தை மீறவில்லை: 10,000 டன்னுக்கு மேல் எத்தனை பெரிய கப்பலானாலும் 16 படகு போதும் என்பது அன்றைய விதி. டைட்டானிக் 46,000 டன். இருந்த இடத்தையும் நிரப்பவில்லை. 65 பேர் ஏறக்கூடிய ஏழாம் எண் படகு சுமார் 28 பேரோடு முதலில் இறங்கியது. 40 பேருக்கான ஒன்றாம் எண் படகில் 12 பேர்.

கே: நம் பக்கத்திலிருந்து யாராவது அந்தக் கப்பலில் போனார்களா?

போனார்கள். ரூத் பெக்கர் என்ற 12 வயதுப் பெண், அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூரில் பிறந்தவள். அப்பா அங்கே லுத்தரன் மிஷனரி. தம்பிக்கு உடம்பு சரியில்லை என்று அம்மா மூன்று பிள்ளைகளோடு அமெரிக்காவுக்குக் கிளம்பினார். தம்பியையும் தங்கையையும் ஏற்றிய 11-ஆம் எண் படகில் அம்மாவும் எப்படியோ ஏறிவிட்டார். ரூத்துக்கு இடம் இல்லை. அடுத்த படகில் ஏறு என்று அம்மா கத்தினார். ரூத் தானாகவே போய் 13-ஆம் எண் படகில் ஏறிக்கொண்டாள்.

அந்தப் படகை வழிநடத்தியவர் யார் தெரியுமா? நாம் பார்த்த ஃபிரெட் பாரட்தான். படகு தண்ணீரைத் தொட்டதும் பக்கவாட்டில் ஒதுங்க, 15-ஆம் எண் படகு நேராகத் தலைக்கு மேல் இறங்கிக்கொண்டிருந்தது. கயிற்றைக் கத்தியால் அறுத்து நூலிழையில் தப்பினார்கள். கொதிகலன் அறையிலிருந்து அப்படியே ஓடி வந்த ஆட்கள் கையில்லாத பனியனோடு அந்தக் குளிரில் நடுங்கினார்கள். அம்மா சொன்னதால் ரூத் அறைக்குத் திரும்பிப் போய் எடுத்து வந்த கம்பளிகள் கையில் இருந்தன. அவற்றைப் பாதியாகக் கிழித்து அவர்களுக்குப் போர்த்தினார்கள்.

விடிந்ததும் கார்பேத்தியா கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டது. அங்கே அம்மாவும் தம்பியும் தங்கையும் இருந்தார்கள். ரூத் பின்னாளில் பள்ளி ஆசிரியை ஆனார். 1990-இல் இறந்தார். அவர் அஸ்தியை டைட்டானிக் மூழ்கிய இடத்திலேயே கடலில் கரைத்தார்கள்.