வெறும் வாயை மெல்லும் அம்மா

கேள்வி: அம்மாவுக்கு வயது 58. மனச்சிதைவு நோய்க்காகப் பல வருடங்களாக ஹாலோபெரிடால் சாப்பிடுகிறார். சில மாதங்களாக வெறும் வாயை மென்றுகொண்டே இருக்கிறார், நாக்கு வெளியே வந்து வந்து போகிறது. கேட்டால், 'நான் ஒன்றும் செய்யவில்லையே' என்கிறார். கை நடுக்கத்துக்குக் கொடுத்த பேசிடேனை இன்னும் ஒன்று கூட்டலாமா? ஹாலோபெரிடாலையே நிறுத்திவிடலாமா?
வாசகி, ஈரோடு

பதில்: நீங்களாக இரண்டையும் செய்யாதீர்கள்.

பேசிடேன் கேட்பது கை நடுக்கத்துக்கும் உடல் இறுக்கத்துக்கும்தான். நீங்கள் சொல்லும் வாயசைவு 'டார்டிவ் டிஸ்கைனீசியா' போலத் தெரிகிறது; ஹாலோபெரிடால் போன்ற மருந்தைப் பல காலம் சாப்பிடுவதால், தன்னை அறியாமலே வரும் அசைவு இது. பேசிடேன் அதைப் பெரும்பாலும் கூட்டிவிடும். இந்த வயதில் மறதி, மலச்சிக்கல் வேறு. ஆனால் பேசிடேனையும் படிப்படியாகத்தான் விட வேண்டும்.

ஹாலோபெரிடாலைத் திடீரென நிறுத்தினால் அசைவு அதிகமாகும், பழைய நோயும் திரும்பலாம். டோஸை ஏற்றினால் அசைவு அடங்கியதுபோலத் தெரியும். அந்த நிம்மதியை நம்பக் கூடாது. பிரச்னை உள்ளே அப்படியேதான் இருக்கும்.

மனநல மருத்துவரிடம் போகுமுன் போனில் ஒரு வீடியோ எடுங்கள். பல்செட் இருந்தால் கழற்றிவிட்டு, கைப்பிடி இல்லாத நாற்காலியில் வெறுங்காலுடன் உட்கார வைத்து, கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாக வேகமாகத் தொடச் சொல்லுங்கள். கவனம் விரலுக்குப் போனதும் வாயசைவு பளிச்சென்று தெரியும். தூக்கத்தில் நின்றுவிடுகிறதா என்றும் பாருங்கள். இந்த அசைவு தூக்கத்தில் பொதுவாக நின்றுவிடும். வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடு சாப்பிடுகிறாரா? அதனாலும் இது வரும்.

மருத்துவர் ஹாலோபெரிடாலை மெதுவாகக் குறைத்து குவெட்டியாபின் அல்லது குளோசபின் என்ற வேறு மனநோய் மருந்துக்கு மாற்றலாம். குளோசபின் என்றால் முதல் 18 வாரம் வாராவாரம் ரத்த வெள்ளணுப் பரிசோதனை கட்டாயம். அசைவுக்கென்றே இருப்பது டெட்ராபெனசின். 12.5 மில்லிகிராமில் தொடங்கி, வாரம் 12.5 வீதம் ஏற்றுவார்கள்; பலருக்கு ஒரு நாளைக்கு 25 முதல் 75 வரை, பிரித்துப் பிரித்து. மந்தம், தூக்கம், மனச்சோர்வு வரலாம். அம்மாவுக்கு எப்போதாவது தற்கொலை எண்ணம் இருந்திருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். மனச்சோர்வுக்கான ஃப்ளூவாக்சிடின் சாப்பிட்டால் அதையும் மறைக்காதீர்கள், டெட்ராபெனசினின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். அமெரிக்காவில் 2017-ல் இந்த அசைவுக்கென வால்பெனசின், டியூடெட்ராபெனசின் என்ற மருந்துகள் அனுமதி பெற்றன.

முழுக்கப் போய்விடும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள். பலருக்குக் குறையும், அதற்கே வாரக்கணக்கில் ஆகும். சாப்பிடும்போது புரையேறினாலோ, காய்ச்சலோடு உடல் கட்டையாக இறுகினாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.