கல்லூரி நெட்வொர்க்கில் மாணவர்கள் ஃபைல் ஷேர் செய்ய அனுமதிக்கலாமா?

தாராளமாக அனுமதிக்கலாம். கேட்டவர் விடுதி மாணவராகத்தான் இருக்க வேண்டும். தினமும் பஸ்ஸில் வந்து போகிறவருக்கு இந்தக் கேள்வியே எழாது. உங்கள் கல்லூரியில் இப்போதுதான் தடை போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். எனக்கு இது பழைய காயம், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நான் படித்தது பெருந்துறைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில். பெயர் வேண்டாம். கோயம்புத்தூருக்கென்று தனியாக ஒரு அண்ணா பல்கலைக்கழகம் இருந்த காலம். 2012இல் அதை மறுபடி சென்னையோடு சேர்த்துவிட்டார்கள். புது சிலபஸ் என்பதால் பழைய கேள்வித்தாள்கூட கடையில் ஒழுங்காகக் கிடைக்காது. விடுதியில் அறைக்கு ஒரு லேன் பாயின்ட் உண்டு, அதாவது கல்லூரிக் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஒயருக்கான முனை. அதில் சீனியர் அக்காக்கள் டிசி பிளஸ் பிளஸ் என்ற ஃபைல் பகிரும் சாஃப்ட்வேரில் ஹப் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். யாரிடம் என்ன ஃபைல் இருக்கிறது என்று ஹப் காட்டும், ஃபைல் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு நேராகப் போய்விடும்.

அங்கே எல்லோரும் தேடி வந்தது ஒரு அக்காவின் எம்-3 நோட்டை, அதாவது மூன்றாவது கணிதப் பாடத்தின் நோட்டை. பக்கம் பக்கமாக செல்போனில் படம் பிடித்துப் போட்டிருந்தார். ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் நோட்டை அழுத்திப் பிடித்த அவருடைய கட்டைவிரல் தெரியும். ஃபோரியர் சீரிஸ் கணக்கை ஒரு வரி விடாமல் போட்டிருப்பார். எம்-3இல் அரியர் வைத்தவர்கள் அதைப் படித்துத்தான் கரையேறினார்கள். ஐஐடி பேராசிரியர்கள் பாடம் நடத்தும் என்பிடெல் விடியோக்கள், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகப் போட்டுக்கொள்ளும் உபுண்டு, லேப் ப்ரோக்ராம்கள் எல்லாம் அதே ஹப்பில்தான். சினிமாவும் இருந்தது, மறைக்கவில்லை.

அப்புறம் கான்ஃபிக்கர் வைரஸ் வந்தது. லேன் ஷேரிங்கால்தான் பரவுகிறது என்று சொல்லி விடுதி இணைப்பையே பிடுங்கிவிட்டார்கள். அந்த வைரஸ் பென் டிரைவிலும் பரவும். லேன் போனதும் எல்லோரும் பென் டிரைவைக் கைமாற்ற ஆரம்பித்தோம், வைரஸ் இன்னும் வேகமாகப் பரவியது. அந்த வைரஸ் 2008 நவம்பரில் வெளிவந்தது, அது நுழையும் விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் அக்டோபரிலேயே கொடுத்துவிட்டது. எங்கள் லேப் கம்ப்யூட்டர்களில் யாரும் அதைப் போடவில்லை.

நானும் தோழிகளும் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொண்ட சாரிடம் போனோம். "ஏனுங்க சார், பேட்ச் போட்டாத் தீர்ற விஷயத்துக்கு ஒயரைப் புடுங்குனா எப்படிங்க?" என்று கேட்டேன். "நீ சொல்றது சரிதான் கண்ணு, மேல ஒத்துக்கோணுமே" என்றார். ஆனால் சும்மா இருக்கவில்லை. லேபில் ஓரங்கட்டிய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் போட்டு, எல்லோரும் ஃபைலை ஏற்றி இறக்கும் எஃப்டிபி சர்வர் ஆக்கினார். ரோல் நம்பர் கொடுத்தால்தான் உள்ளே போக முடியும், யார் எதை ஏற்றினார்கள் என்பது பதிவாகும். அதைக் காட்டிப் பிரின்சிபாலிடம் அனுமதியும் வாங்கிவிட்டார். நான் படிப்பை முடித்து வெளியே வரும்வரை அது ஓடியது. எனக்கு இன்றைக்கும் அதில் பெருமைதான்.

பெண்கள் நாங்கள் ஏன் இவ்வளவு தவித்தோம் என்றால், பையன்கள் சாயங்காலம் பெருந்துறைக்குப் போய் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்துகொள்வார்கள். எங்களுக்கு ஆறரைக்கே கேட் பூட்டிவிடுவார்கள். வகுப்பில் படிக்கும் பையனிடம் சந்தேகம் கேட்டால் ஃபைன், தலையைப் பின்னாமல் வந்தால் ஃபைன். கொங்கு நாட்டில் எத்தனையோ கல்லூரிகளில் பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறோம் என்று பெற்றோரிடம் சொல்லிச் சொல்லியே இதையெல்லாம் நடத்துகிறார்கள். அரைநாள் வேலையை விட்டுவிட்டு என் அப்பா கோபியிலிருந்து வந்து வார்டன் முன்னால் கைகட்டி நின்றதை நான் மறக்கவே மாட்டேன். காரணம், நான் ஒரு பையனிடம் ரெக்கார்டு நோட்டு வாங்கியது. இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

திருட்டு சினிமாவுக்கு வக்காலத்து வாங்குகிறாள் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பதிப்புரிமையை (காப்பிரைட்) மீறினால் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் மூன்று வருடம் வரை சிறை உண்டு, அது எனக்கும் தெரியும். அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு பாடம் நடத்துவதற்காகப் பிரதி எடுப்பதை அனுமதிக்கிறது. டெல்லி பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கில் 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. சினிமாவைத் தடுக்க வேண்டும் என்றால் அதை மட்டும் தடுக்கட்டும், நோட்டையும் சேர்த்து ஏன் தடுக்க வேண்டும்?

நெட் ஸ்லோ ஆகிறது என்று உங்கள் கல்லூரியில் சொன்னால் நம்பாதீர்கள். வெளியில் முன்பின் தெரியாதவர்களின் கம்ப்யூட்டர்களிலிருந்து டொரன்ட்டில் ஃபைல் இறக்கினால்தான் கல்லூரியின் இன்டர்நெட் லைன் அடைபடும். வளாகத்துக்குள் நடக்கும் பகிர்வு, லேன் ஒயர்களை இணைக்கும் சுவிட்ச் பெட்டியோடு முடிந்துவிடும், வெளி லைனைத் தொடாது. அன்றைக்கு இருந்த 100 எம்பிபிஎஸ் லேனிலேயே 700 எம்பி ஃபைல் ஒரு நிமிடத்தில் வந்துவிடும். இப்போதுதான் எல்லோரிடமும் ஜியோ இருக்கிறதே என்பார்கள். உபுண்டு ஒன்றுக்கே ஐந்து ஜிபிக்கு மேல் வேண்டும், தினசரி அளவு வைத்த பிளானில் ஒரு நாள் டேட்டா அதற்கே போதாது.

முதலில் பிரின்சிபாலிடம் மனு கொடுக்காதீர்கள். நெட்வொர்க் பொறுப்பில் இருப்பவரைத் தனியாகப் பாருங்கள். வளாகத்துக்குள் மட்டும் ஓடும் சர்வர், ரோல் நம்பரில் லாகின் என்று இரண்டே விஷயம் கேளுங்கள். அவர் சம்மதித்தால் மேலிடத்தில் அவரே பேசிக்கொள்வார்.