பெட்டைன்னு எழுதி வாங்கின குஞ்சு கூவுதே!

கோழி வளர்ப்பு கேள்வி - பதில்

இந்த தடவ வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஒரே புகார்தான். கடையில எழுதியிருந்தது ஒண்ணு, வீட்டுல வளர்ந்து நிக்கறது இன்னொண்ணு. அதனால பக்கம் முழுக்க அதுக்கே விட்டாச்சு, பேன் மருந்து கேட்டவங்க கோச்சுக்காம அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கங்க.

கேள்வி: அக்கா, தீவனக் கடையில 'பெட்டை மட்டும்'னு எழுதி வச்சிருந்த தொட்டியிலேர்ந்து ஆறு குஞ்சு வாங்கினோம். இப்ப ரெண்டு கூவுது. கடைக்காரர்ட்ட போய் கேட்டா "ஹேச்சரியில (குஞ்சு பொரிக்கற பண்ணை) அப்படித்தான் அனுப்பினாங்க, நான் என்ன பண்றது"ங்கறார். ஏமாத்தறாரா?

ஏமாத்தறார்னு உடனே சொல்லிட முடியாது, ஆனா முழுசா உண்மையும் சொல்லல. ஒருநாள் குஞ்சுல ஆணா பெண்ணான்னு பாக்கறதுக்கு ஹேச்சரிகள்ல ரொம்ப காலமா இருக்கற வழி, குஞ்சோட எச்சத் துவாரத்த லேசா பிதுக்கி உள்ள குண்டூசித் தலை அளவுக்கு ஒரு மேடு இருக்கா, இருந்தா எப்படி இருக்குன்னு பாக்கறது. 1920கள்ல ஜப்பான்ல கண்டுபிடிச்சு அங்கேர்ந்து உலகம் பூரா போன முறை இது. சொல்றதுக்கு ஈஸி, ஆனா சில பெட்டைக்கும் அந்த மேடு இருக்கும், சில சேவலுக்கு இருக்கறதே தெரியாது, அதனால கை பழக வருஷக்கணக்குல ஆகும். (வீட்டுல முயற்சி பண்ணாதீங்க, குடல் வெளிய வந்து குஞ்சு செத்துடும்.) நல்லா பழகினவங்க கூட தப்பு பண்றதால பல ஹேச்சரிங்க 90 சதவீதம் பெட்டைக்குத்தான் உத்தரவாதம் குடுக்கும். அந்த 90ங்கறது கடை போர்டுல இருக்காது, அங்க 'பெட்டை'ன்னு மட்டும்தான் இருக்கும்.

இப்ப கணக்கு போடுங்க. ஒவ்வொரு குஞ்சும் 90 சதவீதம் பெட்டைன்னா ஆறும் பெட்டையா அமைய வாய்ப்பு 53 சதவீதம்தான். அதாவது ஆறு ஆறா வாங்கறவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேர் வீட்டுல குறைஞ்சது ஒரு சேவலாவது இருக்கும், யாரும் யாரையும் ஏமாத்தாமலே. ரெண்டோ அதுக்கு மேலயோ வர்றதுக்கு 11 சதவீதம், ஒம்பது வீட்டுல ஒரு வீடு. நீங்க அந்த ஒம்பதாவது வீடா இருக்கலாம். ஆறுல நாலு கூவியிருந்தா நானே உங்க கூட கடைக்கு வந்து சண்டை போட்டிருப்பேன், ஏன்னா அது ஹேச்சரி தப்பா இருக்க வாய்ப்பே கம்மி, ஆண் பெண் பிரிக்காத தொட்டியிலேர்ந்து எடுத்துக் குடுத்திருக்காங்க. பிரிக்காத குஞ்சுன்னா பாதிக்குப் பாதி, அங்க ஆறும் பெட்டையா வர்றது 64ல ஒரு தடவ.

இன்னொண்ணு, பேண்டம்ங்கற குட்டை ரகங்கள அனேகமா யாரும் பிரிச்சு விக்கறதில்ல. அந்த தொட்டியில 'பெட்டை'ன்னு போர்டு இருந்தா அதுவே சந்தேகப்பட வேண்டிய விஷயம்.

கேள்வி: முட்டைக் கோழி, வெள்ளை லெகார்ன்னு சொல்லி எட்டு குஞ்சு வாங்கினேன். எட்டும் ஒரே மாதிரி மஞ்சளாத்தான் இருந்துச்சு. மூணு வாரத்துல மூணு மட்டும் மத்ததவிட ரெண்டு மடங்கு பெருசாயிடுச்சு, தீவனத் தட்டு முன்னாடியே உக்காந்து திங்குது, நெஞ்சுல முடியே இல்ல. நோயா?

நோய் இல்ல, அந்த மூணும் பிராய்லர். கறிக்குன்னே உருவாக்கின கார்னிஷ் கலப்பு. லெகார்ன் குஞ்சும் மஞ்சள், பிராய்லர் குஞ்சும் மஞ்சள், ரெண்டுக்கும் கால் கூட மஞ்சள், முதல் ரெண்டு நாள் பக்கத்துல பக்கத்துல வச்சா புதுசா வேலைக்கு வந்த பையனுக்கு வித்தியாசமே தெரியாது. கலப்படத்துலயே ரொம்ப நஷ்டம் வைக்கறது இதுதான்னு நான் சொல்லுவேன், ஏன்னா ரோட் ஐலண்ட்ங்கற சிவப்பு ரகம் கேட்டு நியூ ஹாம்ப்ஷயர்ங்கற இன்னொரு சிவப்பு ரகம் வந்தா முட்டையாவது கிடைக்கும், முட்டைக்கு வாங்கின இடத்துல பிராய்லர் வந்தா உங்க திட்டமே மாறிடுது.

அடுத்த தடவைக்கு அடையாளம் சொல்றேன். பிராய்லர் குஞ்சுக்கு கால் எலும்பு தடிமனா இருக்கும், ரெண்டு காலுக்கும் நடுவுல இடைவெளி அகலமா இருக்கும், கையில எடுத்தா அந்த அளவுக்கு எதிர்பாக்கற எடையவிட கனக்கும். லெகார்ன் ஒல்லி, துறுதுறுன்னு ஓடும், கைய விட்டா மூலைக்கு பறக்கும், இறக்கையில இறகு சீக்கிரமே நீளும். ஒரு வாரம் ஆன குஞ்சுன்னா கேக்கவே வேணாம், ஓடறது லெகார்ன், உக்காந்து திங்கறது பிராய்லர்.

இப்ப இருக்கற மூணையும் இன்னிக்கே தனியா பிரிங்க. ஒண்ணா வச்சா தட்டையே அதுங்க மறைச்சுக்கும், லெகார்ன் இளைச்சுப் போயிடும். கறிக்கு வளக்கறதா இருந்தா 6லேர்ந்து 8 வாரத்துல முடிச்சிடணும், அதுக்கு மேல விட்டா உடம்பு கனம் தாங்காம கால் வளையும், திடீர்னு நெஞ்சு நின்னு விழும். இல்ல, மனசு வரல, வளத்துட்டேன், வச்சுக்கப் போறேன்னா தீவனத்த நாள் பூரா தட்டுல வைக்காம நேரம் வச்சு அளந்து போடுங்க, தண்ணிய தீவனத்துலேர்ந்து தள்ளி வைங்க, நடக்கட்டும். ஆயுச கொஞ்சம் நீட்டலாம், ஆனா லெகார்ன் மாதிரி வருஷக்கணக்குல முட்டை போடும்னு மட்டும் எதிர்பாக்காதீங்க.

கேள்வி: முட்டை வடிவம் பாத்தோ, குஞ்சோட பிடரிய புடிச்சு தூக்கி கால் தொங்குதா மடங்குதான்னு பாத்தோ சேவல் பெட்டை கண்டுபிடிக்கலாமா? நூல்ல ஊசி கட்டி ஆட்டிப் பாக்கறாங்களே?

கண்டுபிடிக்கலாம், பாதி தடவ சரியா வரும். காசு சுண்டினாலும் அதே பாதிதான், குஞ்சாவது நிம்மதியா இருக்கும்.

கேள்வி: சரி அக்கா, போர்ட நம்ப முடியாதுன்னா குஞ்ச பாத்தே சொல்ற மாதிரி ரகம் எதாவது இருக்கா? எனக்கு சேவல் வந்தா வச்சுக்க இடமே இல்ல.

இருக்கு, உங்கள மாதிரி ஆளுங்க அத மட்டும்தான் வாங்கணும். கோழியில ஆணா பெண்ணான்னு தீர்மானிக்கற குரோமோசோம்கள்ல ஒண்ணு Z. தாயோட அந்த Z மகனுக்கு மட்டும்தான் போகும், மகளுக்கு போகாது. வெள்ளி நிற ஜீன் இருக்கறது இந்த Z-லதான், அதனால சிவப்பு சேவலயும் அந்த ஜீன் இருக்கற பெட்டையையும் சேத்தா அந்த வெள்ளி மகன்களுக்கு மட்டும் போய், பொரிச்ச அன்னிக்கே சேவக்குஞ்சு வெளிர் மஞ்சளாவும் பெட்டைக்குஞ்சு செம்பழுப்பாவும் நிக்கும். ஐஎஸ்ஏ பிரவுன், கோல்டன் காமெட்னு விக்கறதெல்லாம் இந்த வகை. அந்த தொட்டியில வெளிர் மஞ்சளா ஒண்ணு நின்னா ஒண்ணு அது சேவல், இல்ல வேற ரகம், எப்படிப் பாத்தாலும் உங்களுக்கு வேணாம். ஆனா செம்பழுப்பா நிக்கறதெல்லாம் பெட்டைன்னும் கண்ண மூடிட்டு எடுக்காதீங்க, பக்கத்து தொட்டியில ரோட் ஐலண்ட் ரெட்டோ நியூ ஹாம்ப்ஷயரோ இருந்தா அதுல ஆணும் பெண்ணும் ரெண்டுமே சிவப்புதான், தாவி வந்தது எதுன்னு கடவுளுக்கே வெளிச்சம். அதனால நான் தொட்டிய பாக்கறதுக்கு முன்னாடி பக்கத்து தொட்டிய பாப்பேன்.

கறுப்பு வகையும் இருக்கு, ரோட் ஐலண்ட் சேவலுக்கும் பார்ட் ராக் (கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட ரகம்) பெட்டைக்கும் பொறந்தது. இதுல சேவலுக்கு தலையில வெள்ளைப் பொட்டு, பெட்டைக்கு தலை முழுக் கறுப்பு. இங்கயும் ஒரு சிக்கல், சுத்தமான பார்ட் ராக்ல ஆணுக்கும் பொட்டு உண்டு, பெண்ணுக்கும் உண்டு, பெண்ணுக்கு சின்னதா ஒழுங்கா இருக்கும், ஆணுக்கு பெருசா கலைஞ்சு இருக்கும். போர்டு மாறியிருந்தா நீங்க பொட்டு இருக்குன்னு ஒதுக்கறது நல்ல பார்ட் ராக் பெட்டையா கூட இருக்கலாம். பரவால்ல, ஒதுக்குங்க.

இந்த கலப்புக் கோழிங்களுக்கு பொறக்கற குஞ்சுல இதே நிற வித்தியாசத்த எதிர்பாக்காதீங்க, அது முதல் தலைமுறையோட சரி.

ரகம் மட்டும் தெரிஞ்சா போதும்னா காலயும் கொண்டையயும் பாருங்க. நாலு விரலுக்கு பதிலா அஞ்சு விரல் இருந்தா சில்க்கி, ஃபேவரோல், டார்கிங் மாதிரி சில ரகம்தான். கால்ல மயிர் இருந்து கொண்டை மூணு வரிசையா தாழ்வா இருந்தா பிரம்மா, கால்ல மயிர் இருந்து ஒத்தக் கொண்டைன்னா அது கொச்சினா இருக்கலாம். கறுப்பு குஞ்சுல ஆஸ்ட்ரலார்ப்புக்கு உள்ளங்கால் வெள்ளையா ரோஸா இருக்கும், ஜெர்சி ஜெயண்ட்டுக்கு மஞ்சள். வயண்டாட்னு எழுதியிருக்கற தொட்டியில நிமிந்த ஒத்தக் கொண்டையோட குஞ்சு நின்னா யோசிங்க, அதுக்கு தட்டையா ரோஜாக் கொண்டைதான் இருக்கணும் (எப்பவாவது ஒத்தக் கொண்டையும் பொறக்கும், அது விதிவிலக்கு).

கேள்வி: நீல முட்டை போடற அமெரக்கானான்னு சொல்லி வாங்கினது பச்சையா முட்டை போடுது, இன்னொண்ணு பழுப்பு. கலந்துட்டாங்களா?

இது கலந்தது இல்ல, தெரிஞ்சே விக்கறது. மத்த எல்லாத்துலயும் கடைக்காரங்களுக்கு பாதி மன்னிப்பு குடுப்பேன், இதுல குடுக்க மாட்டேன். கடைத் தொட்டிகள்ல அமெரக்கானாங்கற பேர்ல இருக்கறது பெரும்பாலும் ஈஸ்டர் எக்கர்ங்கற கலப்பு. நீல முட்டை ஜீன் ஒரு பக்கத்துலேர்ந்து வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம், அதனால நீலம், பச்சை, பழுப்பு எது வேணா வரும். சுத்தமான அமெரக்கானாவுக்கு கால் சாம்பல் நீலமா இருக்கும், கன்னத்துல தாடி இருக்கும், முட்டை நீலம் மட்டும்தான். பச்சை முட்டை ஓட்ட உடைச்சு உள்பக்கம் பாருங்க, நீலமாத்தான் இருக்கும், ஏன்னா நீலம் ஓடு முழுக்க ஊறினது, பழுப்பு மேல பூசினது. கோழி நல்ல கோழிதான், பேருக்கு குடுத்த காசுதான் தண்டம்.

கேள்வி: கடையில போய் என்ன கேக்கணும்? நம்மள பாத்தாலே "அதெல்லாம் கரெக்டாத்தான் இருக்கு"ன்னு சொல்லிடறாங்க.

"கரெக்டா?"ன்னு கேக்காதீங்க, "எந்த ஹேச்சரி, என்னிக்கு வந்துச்சு, பெட்டியில ஒட்டியிருந்த சீட்டு இருக்கா"ன்னு கேளுங்க. சீட்டுல ரகம், பிரிச்சதா பிரிக்காததா, பொரிச்ச தேதி எல்லாம் இருக்கும், ஹேச்சரி கிளம்பற வரைக்கும் விவரம் ஓரளவு ஒழுங்காத்தான் இருக்கு. குழப்பம் ஆரம்பிக்கறது பெட்டிய பிரிச்சு தொட்டியில கொட்டின பிறகு. போன வாரத்து போர்டு அப்படியே நிக்கும், ஒருத்தர் நாலு குஞ்ச கையில எடுத்து கொஞ்சிட்டு பக்கத்து தொட்டியில விட்டுட்டு போவார், மிச்சம் நாலஞ்சுதான் இருக்குன்னு ரெண்டு தொட்டிய ஒண்ணாக்கிடுவாங்க. அதனால சரக்கு வந்த அன்னிக்கே, பெட்டி பிரிக்கற நேரத்துலயே போங்க, வாரக் கடைசியில மிச்சத்த வாங்கினா ரகத்துக்கு பொறுப்பு நீங்கதான். பில்லுல ரகமும் 'பெட்டை'ங்கறதும் எழுதி வாங்கிக்கங்க, சேவல் வந்தா திரும்ப எடுப்பாங்களான்னு வாங்கறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க. சீட்ட போட்டோ எடுத்து வச்சா இன்னும் நல்லது, நாலு மாசம் கழிச்சு அவங்களுக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது.

கேள்வி: வாங்கின பத்து குஞ்சுல ஒண்ணு கழுத்து நீளமா, மூக்கு மேல சின்னதா ஒரு பரு மாதிரி இருக்கு, கத்தறதும் வேற மாதிரி. என்ன ரகம்?

கோழியே இல்ல, வான்கோழி. அந்த பருதான் பின்னால மூக்கு மேல தொங்கற சதை. கோழிக்குஞ்சுக்கு முதல்ல போடற ஸ்டார்டர் தீவனத்துல புரதம் 18லேர்ந்து 20 சதவீதம், வான்கோழிக் குஞ்சுக்கு 28 வேணும், அதே தீவனத்துல விட்டா வளர்ச்சி குன்றும். கோழிக்கு பெருசா ஒண்ணும் பண்ணாத ஒரு குடல் கிருமி இதுக்கு ஈரல தாக்கி கொன்னுடும், அதனால சேத்து வளக்கறது நல்லதில்ல. தனியா விட்டாலும் கத்தி உயிர வாங்கும், ஜோடி வேணும். திருப்பிக் குடுக்க முடிஞ்சா குடுங்க, இல்லன்னா வான்கோழி வளக்கறவங்க யாராவது பக்கத்துல இருந்தா அவங்ககிட்ட விட்டுடுங்க.